மடி கொடுத்த மாமன்

ரவிக்குமார் என்கிற பெயரை மமதா முதன்முதலில் கேட்டது ஒரு காதுகுத்து மைக்கில்தான். பெங்களூர் அடுகோடியில் ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் வருகிற சந்து, அம்மன் கோவில் முன்னால் ஷாமியானா, ஒரே முகூர்த்தத்தில் மூன்று வீட்டுக் குழந்தைகளுக்கும் காதுகுத்து. மைக் பிடித்தவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குழந்தையின் தாய்மாமன் ரவிக்குமார் அவர்கள் உடனே மேடைக்கு வரவும்" என்றான். ஒல்லியாக ஒருத்தன் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்து உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தார்கள், மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள். அடுத்த குழந்தைக்கும், "தாய்மாமன் ரவிக்குமார் அவர்கள் அப்படியே உட்காரவும்." மூன்றாவதுக்கு மைக்குக்காரன் அதையும் சொல்லவில்லை, "மாமன் ரெடியாகத்தான் இருக்கிறார்" என்று விட்டுவிட்டான்.

மமதா வாய்க்குக் கொண்டுபோன கேசரியை அப்படியே நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த அக்கா காந்தாவைக் கேட்டாள்.

"இன்னாக்கா இது, இந்த ரவிக்குமாரோட அம்மா எத்தினி பொண்ணு பெத்தாங்க?"

"ஒண்ணுகூட இல்லடி. ஒத்தப் புள்ள அவன். நம்ம எதிர் வூட்டுக்கு வாடகைக்கு வந்தவன்."

"அப்புறம் எப்பிடி மூணு வீட்டுக்கு மாமன்?"

"நெஜ மாமனுங்கல்லாம் உள்ள கீறானுங்க இல்ல? அதான். இப்போ சந்துக்கே அவன் மடிதான் மடி."

உள்ளே என்றால் ஜெயில். சந்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. 'உள்ளே' என்பார்கள், ஏதோ சமையல்கட்டு வரைக்கும் போயிருக்கிற மாதிரி.

நடந்தது இதுதான். மைதானத்தில் இந்தச் சந்துக்கும் பக்கத்துச் சந்துக்கும் ஃபுட்பால். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று ஆரம்பித்த பேச்சு கல்வீச்சில் போய் முடிந்தது. போலீஸ் ஜீப்பின் கண்ணாடியும் போயிற்று. அடித்தவர்கள் சுவர் ஏறி ஓடிவிட்டார்கள், அவர்களுக்கு ஓடிப் பழக்கம். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, மாட்டிக்கொண்டார்கள். மமதாவின் அண்ணன் முனிகிருஷ்ணன் ஆட்டம் பார்க்கக்கூடப் போகவில்லை. மைதானத்து போர்வெல் மோட்டார் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள், போனான். கையில் ஸ்பேனர். அடிதடி நடந்த இடத்தில் ஸ்பேனரோடு நிற்கிறவனை எந்தப் போலீஸ்காரர் விடுவார்? வண்டியில் ஏற்றும்போது, "சார், மோட்டாரை மாட்டிட்டு வந்துடறேன், பாதியில கீது" என்றானாம்.

ஜாமீன் எப்போதோ கிடைத்துவிட்டது. அதுதான் இதில் பெரிய தமாஷ். 'சொத்து இருக்கிற ஒருத்தர் வந்து இவனுக்குப் பொறுப்பு நான் என்று கையெழுத்துப் போடட்டும், கூட்டிக்கொண்டு போங்கள்' என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சந்தில் எல்லோருக்கும் வீடு இருக்கிறது. எந்த வீட்டுக்கும் காகிதம் இல்லை. சொந்தக்காரர்களில் காகிதம் வைத்திருக்கிறவர்கள், போன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால் விட்டுவிடலாம் என்று கோர்ட்டே சொன்னவர்கள் போன வருஷமும் உள்ளே, இந்த வருஷமும் உள்ளே.

வெளியே இருந்த சந்து பட்ட பாடு சொல்லி முடியாது. தையல்காரர் உள்ளே போனதில் சந்துப் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் கையில்லாமல், கழுத்தில்லாமல், அவர் கடைக்குள் பூட்டிக்கிடந்தன. காந்தாவின் நாத்தனார் கல்யாணத்துக்கு மூன்று பெண்கள் ஒரே ஜாக்கெட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்ற ஆளில்லை. தை மாதம் ஒரு சாவு விழுந்தது. பாடை தூக்கத் தோள் பற்றவில்லை. பக்கத்துச் சந்தில் போய், ஆமாம், எந்தச் சந்தோடு அடிதடியோ அதே சந்தில் போய், தோள் கேட்டு வாங்கி வந்தார்கள். அவர்களும் நல்ல மனிதர்கள், வந்து தூக்கினார்கள். "உங்க பக்கம் தாழ்த்திப் புடிக்கிறீங்கடா" என்று போகிற வழியெல்லாம் சண்டையும் போட்டார்கள்.

மமதா அதுவரை வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்டில் தங்கி, அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் உள்ளே போன சில மாதத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள், வந்த வாரமே அந்தக் காதுகுத்து. காந்தா இட்லிக் கடை போடுகிறவள், இடுப்பில் குழந்தை அனுஷா. காந்தாவின் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாரத்துக்கு ஒருநாள் வருவார், வந்தால் தூங்குவார். அவரைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. தங்கச்சி வந்துதான் வீடு ஓடியது.

மாதாமாதம் அண்ணனைப் பார்க்கப் போவார்கள். ஒருநாள் வேலை போகும், ஒருநாள் கடை போகும், இரண்டு பஸ் மாறணும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஒரு வரிசை, இந்தப் பக்கம் இவர்கள் ஒரு வரிசை, நடுவில் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்துவார்கள். அழுகிறதுக்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது.

"அண்ணா, நம்ம வூட்டு மோட்டார் உறுமுது, தண்ணி ஏறல!"

"கெபாசிட்டர் போயிருக்கும்! கறுப்பா டப்பா மாதிரி இருக்கும் பாரு!"

"எதுண்ணா? வெளக்கெண்ண டப்பா மாதிரியா?"

"நீ பாட்டுக்கு வெளக்கெண்ணய ஊத்தாதடி! மெயின் ஆஃப் பண்ணு மொதல்ல!"

பக்கத்தில் நின்ற தையல்காரர் பெண்டாட்டி, "என்னங்க, கடைச் சாவி எங்கங்க?" என்று கத்த, அவர் "கடைக்குள்ள, காஜா மிஷின் அடியில!" என்று கத்த, அது காதில் விழுந்து மமதா வீட்டுக்கு வந்து மோட்டாருக்கு அடியில் கெபாசிட்டரைத் தேடினாள். ஆனால் மோட்டார் ஓடிவிட்டது. அதிலிருந்து சந்தில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் மமதாவைத்தான் கூப்பிட்டார்கள்.

இப்போது ரவிக்குமாருக்கு வருவோம். அவன் வேன் டிரைவர். அடுகோடியிலிருந்து வைட்ஃபீல்டு ஆபீஸ் ஒன்றுக்கு ஹவுஸ்கீப்பிங் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன். மமதாவும் அந்த ஆபீஸிலேயே வேலைக்குச் சேர்ந்தாள், டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டைப் பிடித்தாள். அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும், வண்டி ஓடுகிற நேரம் கொஞ்சம், நிற்கிற நேரம்தான் ரொம்ப. பெங்களூரில் டிராஃபிக் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதையே நடந்திருக்காது.

"மூணு குழந்தையும் உங்க மடியில அழவே இல்லியே, இன்னா மருந்து வெச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். வாயைக் குவித்தான். கார்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பாட்டு வரும் இல்லையா, டிங் டிங் டிடிங் என்று? அதை வாயாலேயே வாசித்தான். அச்சு அசல். பின்னால் நின்ற ஆட்டோக்காரர், இவன் வண்டி பின்னால் வருகிறதென்று பயந்து ஹாரன் அடித்தார். வேனில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மமதாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று. அவன் நேராக ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் அவள் ஏறும்வரை வேன் கிளம்பாது. மற்ற பெண்கள் ஓடிவந்தால்கூடக் கிளம்பிவிடும். "எங்களுக்கெல்லாம் அண்ணன், அவளுக்கு மட்டும் டிரைவரா?" என்று ஒருத்தி கேட்டதற்கு ரவிக்குமார் காது சிவக்க வைப்பரைப் போட்டான். மழையே இல்லை.

அந்த 'அண்ணன்' என்கிற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. முதல் குழந்தைக்கு அவன் மடி கொடுத்தது தற்செயல். சாப்பிடப் போனவன், கையில் இலையோடு நின்றான். "மாமன் உள்ள கீறான்பா, நீ சும்மா ஒக்காரு" என்றார்கள். உட்கார்ந்தான். அப்புறம் அடுத்த வீடு. அப்புறம் ஒரு பெண் பெரியவளானாள், அதற்குத் தாய்மாமன் ஓலைக் குச்சு கட்டணும், கூப்பிட்டார்கள், போய்க் கட்டினான். அவனுக்கும் அது பிடித்திருந்தது. ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்து, அம்மாவும் போய், ஒருத்தரும் இல்லாதவனுக்குத் திடீரென்று ஒரு சந்து முழுக்கத் தங்கச்சிகள். மீன் குழம்பு ஒரு வீட்டிலிருந்து வரும், களி ஒரு வீட்டிலிருந்து வரும்.

இந்த முறையெல்லாம் தப்பாமல் பார்த்துக்கொள்கிறவள் அன்னம்மாள். ஓசூர் ரோட்டு முனையில் பூக்கடை. யாருக்கு யார் பெரியம்மா பிள்ளை, யார் வீட்டில் யார் பெண் எடுத்தது, எந்தக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார், எல்லாம் அவள் நாக்கு நுனியில். பூத் தொடுத்துக்கொண்டே சொல்லுவாள், முழம் தப்பினாலும் முறை தப்பாது.

"டேய் ரவி, நீ எல்லா வூட்டுக்கும் மடி குடுத்துக்கினே போற. மடி குடுத்தவன் மாமன். மாமன்னா ஆத்தாளுக்கு அண்ணன். அவளுக்கு அண்ணன்னா அவ கூடப் பொறந்தவளுங்களுக்கும் அண்ணன். இந்தச் சந்துல உனக்குப் பொண்ணே இல்லாமப் போயிடுச்சு, தெரியுமா?"

"பரவால்லக்கா."

"இன்னா பரவால்ல? ஒரே ஒரு வூடுதான் பாக்கி. காந்தா வூடு."

ரவிக்குமார் மல்லிகைப் பந்தை முகர்ந்து பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் காந்தா வீட்டுக்குத்தான் ஆம்பூரிலிருந்து மாமியார் போன் போட்டாள். அனுஷாவுக்கு மூன்று வயசு முடியப்போகிறது, இன்னும் மொட்டையும் இல்லை, காதுகுத்தும் இல்லை, குலதெய்வம் கனவில் வந்து திட்டுகிறது, ஆவணிக்குள் முடித்தாகணும் என்று. காந்தா இத்தனை நாள் அண்ணன் வரட்டும், அண்ணன் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தவள். இனி தள்ள முடியாது.

"ரவிதான் கீறானே. அவனையே ஒக்கார வெச்சிடலாம். நம்ம வூட்டுக்கு இன்னும் ஒக்காரல பாரு, கோச்சுக்குவான்" என்றாள்.

மமதா கையிலிருந்த டம்ளர் விழுந்தது.

"வேணாங்க்கா."

"ஏன்?"

"அது... அண்ணன் மனசு கஷ்டப்படும்."

"நான் அண்ணன்கிட்ட கேட்டுட்டேன்டி, வலைக்கிட்ட நின்னு கத்திக் கேட்டேன். 'நல்ல பையன்தானே, ஒக்கார வெய்யி'ன்னுட்டான்."

மறுநாள் வேனில், சிக்னலில், மமதா முன்னால் குனிந்து சொன்னாள். "எங்க அக்கா இன்னிக்கு சாயங்காலம் உங்க மடியைக் கேக்க வருது."

சிக்னல் பச்சை விழுந்தது. வேன் நகரவில்லை. பின்னாலிருந்த பெங்களூர் மொத்தமும் ஹாரன் அடித்தது.

"மாட்டேன்னு எப்பிடிங்க சொல்றது? எல்லார் வூட்டுக்கும் ஒக்காந்துட்டு உங்க வூட்டுக்கு மட்டும் மாட்டேன்னா, இன்னா நெனப்பாங்க?"

"ஒக்காந்தீங்கன்னா நாளையிலேர்ந்து நான் உங்களை அண்ணான்னுதான் கூப்பிடணும். கூப்பிடட்டுமா?"

"ஐயோ, வேணாங்க!" என்றான். வேனே திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட காதல் பேச்சு.

சாயங்காலம் காந்தா போனபோது ரவிக்குமாருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. "ஒக்கார முடியலக்கா, மடக்கவே முடியல" என்று நொண்டிக் காட்டினான். அன்றைக்கு இடது கால் நொண்டியது, மறுநாள் வலது கால் நொண்டியது. அன்னம்மாள் பூக்கடையிலிருந்து, "டேய், இந்த வலி நடந்துக்கினே இருக்குமா?" என்று கேட்டாள். காந்தா விடுகிறவளா? "தலகாணி வெச்சு சாச்சு ஒக்கார வெக்கிறேன், நீ ஒண்ணும் மடக்க வேணாம்" என்று தைலத்தோடு வந்து நின்றாள்.

வேறு வழியில்லை என்று தெரிந்ததும், ரவிக்குமார் ஒன்று கேட்டான். "அக்கா, நெஜ மாமனையே வெளிய கொண்டாந்துட்டா?"

"இத்தினி நாளா நாங்க இன்னா பண்ணிக்கினு இருந்தோம்? சும்மாவா இருந்தோம்?"

"ஒரு தபா வக்கீலம்மாவைப் பாக்கலாம் வாங்க."

வக்கீலம்மா சிந்தியா. விவேக் நகரில் குழந்தை யேசு கோவிலுக்குப் பின்னால் வீடு, வீட்டிலேயே ஆபீஸ். சின்ன வயசு, ஸ்கூட்டரில் கோர்ட்டுக்குப் போகிறவள். சந்தில் பாதிப் பேர் கேஸை அவள்தான் பார்த்தாள். காந்தா, மமதா, ரவிக்குமார், கூடவே யாரும் கூப்பிடாத அன்னம்மாள், நான்கு பேரும் போய் உட்கார்ந்தார்கள். சிந்தியா எப்போதும் கேட்கிற கேள்வியையே கேட்டாள்.

"உங்க சொந்தத்துல யாருக்காவது நிலம் இருக்கா? பஹணி, அதான் நிலத்துக் காகிதம், அவங்க பேர்ல இருக்கணும்."

காந்தா உதட்டைப் பிதுக்கினாள். அன்னம்மாள் மேலே பார்த்து யோசித்தாள்.

"எனக்குக் கீது" என்றான் ரவிக்குமார்.

சிந்தியா பேனாவை எடுத்தாள்.

"ஆனேக்கல் தாண்டி. எங்கம்மா வழில வந்தது. ஒரு பாறையும் ரெண்டு புங்க மரமும்தான். ஒண்ணும் வெளையாது. பாறை மேல ஏறி நின்னா ஓசூர் தெரியும். பஹணி எம்பேர்லதான் கீது."

காந்தா எழுந்தே விட்டாள். "அடப்பாவி! இத்தினி நாளா ஏண்டா சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலியேக்கா. மடியைத்தானே கேட்டீங்க."

உண்மைதான். ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களையெல்லாம் கேட்டார்கள், போன் எடுக்காதவர்களைக்கூடத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எதிர் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவனைக் கேட்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் அந்தப் பாறை ஒரு சொத்து என்று தோன்றவில்லை.

சிந்தியா குதிக்காத குறை. ஆனால் ஒன்று சொன்னாள். "ஜட்ஜம்மா கண்டிப்பா கேப்பாங்க, இவன் உனக்கு என்ன ஆகணும்னு. கோர்ட் வராண்டாவுல காசு வாங்கிட்டு யாருக்கு வேணாலும் ஜாமீன் நிக்கிற ஆளுங்க இருக்காங்க, அதனால கேப்பாங்க. சொந்தம்னா உடனே ஒத்துப்பாங்க. எதிர் வீடுன்னா இழுக்கும். ஆனா சத்தியம் பண்ணிட்டுச் சொல்றது, பொய் சொல்லக் கூடாது."

"பொய் எதுக்கு?" என்றாள் அன்னம்மாள். "காதுகுத்துக்கு மாமனா ஒக்காரப்போறவன்தானே? காந்தாவுக்குத் தம்பி. அப்போ முனிகிருஷ்ணனுக்கும் தம்பி. தம்பின்னு சொல்லட்டும்."

"அதான்! தம்பின்னே சொல்லிடு ராஜா!" காந்தா அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

மமதா ஜன்னல் வழியாகக் கோவில் மணிக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வெளியே வரணும். வரத்தான் வேணும். அதற்கு இவன் தம்பி என்று சொல்லணும். சொன்னால் இவன் தனக்கும் அண்ணன்தான், கோர்ட்டிலேயே எழுதிவிடுவார்கள். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் விக்கல் வந்துவிட்டது. விவேக் நகரிலிருந்து அடுகோடி வருகிறவரை விக்கல் நிற்கவில்லை.

கோர்ட்டுக்குப் போகிற அன்று சந்தே கிளம்பிவிட்டது. ரவிக்குமாரின் தங்கச்சிகள் அத்தனை பேரும், அவன் மடியில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்ட குழந்தைகளும், அவன் வேனிலேயே. கோர்ட்டு வாசலில் இறங்கும்போது ஏதோ கல்யாணக் கோஷ்டி என்று நினைத்து ஒருத்தர் வழிவிட்டார்.

உள்ளே சுவரில் ஒரு டிவி. அதில் முனிகிருஷ்ணன் தெரிந்தான், ஜெயிலிலிருந்தே காட்டுகிறார்கள். இளைத்திருந்தான். குழந்தைகள் டிவியைப் பார்த்து டாட்டா காட்டின. ஜட்ஜம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்ததும் எல்லாம் கப்சிப். டிவிச் சத்தத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

ரவிக்குமார் கூண்டில் ஏறினான். சத்தியம் வாங்கினார்கள். ஜட்ஜம்மா பஹணியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"ஆரோபி நிமகே ஏனாகபேக்கு?" உள்ளே இருப்பவன் உனக்கு என்ன ஆகணும்?

காந்தா வாயசைத்தாள்: தம்பி, தம்பி, தம்பி. அன்னம்மாள் ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி கையைத் தூக்கினாள். ரவிக்குமார் திரும்பி மமதாவைப் பார்த்தான். மமதா தரையைப் பார்த்தாள்.

"நன்ன பாவமைதுன, மேடம்" என்றான் ரவிக்குமார். என் மச்சான்.

டிவியில் முனிகிருஷ்ணன் துள்ளி எழுந்தான். சத்தம் இல்லை. வாய் மட்டும் பெரிதாகத் திறந்து மூடுகிறது, 'யாருடா மச்சான்?' என்று விரலை ஆட்டுகிறான். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவனை உட்கார வைத்தது.

"ஹெண்டதி ஹெசரு?" பெண்டாட்டி பேர் கேட்டார் ஜட்ஜம்மா.

"மமதா, மேடம்."

"மதுவே யாவாக ஆயித்து?" கல்யாணம் எப்போது ஆயிற்று?

"இன்னு ஆகில்ல, மேடம்." இன்னும் ஆகவில்லை.

ஆங்காங்கே இருந்த வக்கீல்கள் செல்போனைக் கீழே வைத்துவிட்டார்கள். சிந்தியா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜட்ஜம்மா பேனாவை மூடினார்.

"ஆகாத கல்யாணத்துக்கு மச்சான் எங்கேர்ந்து வந்தான்? அந்தப் பொண்ணு இங்க இருக்காளா?" கன்னடத்தில்தான் கேட்டார், ஆனால் அந்த இடத்தில் யாருக்கும் மொழி தெரியாமல் இல்லை. மமதா எழுந்து நின்றாள். விக்கல் திரும்ப வந்தது.

"இவர் சொல்றது நிஜமாம்மா?"

அப்போதுதான் ரவிக்குமாருக்கு உறைத்தது, தான் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று. இல்லை என்று அவள் சொன்னால் அவள் அண்ணன் உள்ளேயே இருப்பான். ஆம் என்று சொன்னால் அண்ணனுக்காகச் சொன்னதா, இவனுக்காகச் சொன்னதா? அவன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கன்னடமும் தமிழும் கலந்து அடித்தான்.

"மேடம், மேடம், தப்பாயித்து! அவங்களை அப்பிடி நிக்க வெச்சுக் கேக்காதீங்க. அவங்க இல்லன்னாலும் நான் ஜாமீன் நிக்கறேன். எதிர் வூடுன்னு எழுதிக்கோங்க. டிரைவர்ன்னு எழுதிக்கோங்க. அண்ணன், தம்பி, இன்னா வேணாலும் எழுதிக்கோங்க. அந்தப் பாறைய நான் குடுத்தாச்சு, திருப்பிக் கேக்கல!"

ஜட்ஜம்மா அவனைப் பார்க்கவே இல்லை. மமதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜந்தான் மேடம்" என்றாள் மமதா. ஒரு விக்கல். "ஆனா இவரு எங்கிட்ட இன்னும் கேக்கவே இல்ல."

பின் வரிசையில் ஒரு குழந்தை டிங் டிங் டிடிங் என்று வாயால் ஆரம்பித்தது. மாமனிடம் கற்றுக்கொண்டது. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. தங்கச்சிகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பெஞ்சு கிளார்க் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தவர் எழவே இல்லை. ஜட்ஜம்மா இருமினார், தண்ணீர் குடித்தார், பேனாவைத் திறந்தார்.

"ஈக கேளிதாரல்ல" என்றார். இப்போதுதான் கேட்டுவிட்டாரே! கையெழுத்துப் போட்டார். "நெக்ஸ்ட்."

வெளியே வந்ததும் காந்தா ரவிக்குமாரின் முதுகில் ரெண்டு போட்டாள். "முழங்கால் வலியாடா உனக்கு? முழங்கால் வலியா?" அடித்துவிட்டு அவன் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அன்னம்மாள் விரலை மடக்கி முறை கணக்குப் பார்த்தாள். "சரியாத்தான் வருது. கோர்ட்ல சத்தியம் பண்ணிச் சொல்லிட்டான். இனி கட்டிக்கலன்னா இவனையும் உள்ள போட்டுடுவாங்க."

முனிகிருஷ்ணன் மறுநாள் சாயங்காலம் ஜெயில் வாசலில் வந்து நின்றான். வேன் காத்திருந்தது. நேரே டிரைவர் ஜன்னலுக்கு வந்தான்.

"நீதான் அந்த மச்சானா?"

"ஆமாங்க."

"என் தங்கச்சியை எனக்குத் தெரியாம ஜட்ஜுகிட்ட கேட்டியா?"

"சத்தம் ஆஃப் பண்ணிட்டாங்க மச்சான், இல்லன்னா உங்களையும் கேட்டிருப்பேன்."

முனிகிருஷ்ணன் வேனைச் சுற்றிவந்து முன் சீட்டில் ஏறினான். அப்புறம் பின்னால் உட்கார்ந்திருந்த மமதாவைப் பார்த்து, "மோட்டார் ஓடுதா?" என்றான்.

ஆவணியில் காதுகுத்து. அனுஷாவை நிஜ மாமன் மடியில் வைத்தார்கள். அவள் வீல் என்று கத்தினாள். கால் உதைத்தாள், அம்மாவிடம் தாவினாள். அவளுக்கு அந்த மனிதரைத் தெரியாது. அவன் உள்ளே போகும்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். "மாமாடி, உன் மாமாடி" என்று எத்தனை பேர் சொன்னாலும் யார் மாமா? குழந்தை அழுகிறதா, மாமன் அழுகிறானா என்று தெரியவில்லை. கத்தியோடு நின்ற நாவிதர், "கொஞ்சம் ஆறட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரவிக்குமார் வந்தான். மடியில் உட்கார வரவில்லை, அந்த வேலை இனி அவனுடையது இல்லை. மாமனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, வாயைக் குவித்து, டிங் டிங் டிடிங் என்றான். அனுஷா பாதி அழுகையில் நிறுத்தினாள். அவன் கண்ணைக் காட்ட, முனிகிருஷ்ணனும் மெதுவாக வாயைக் குவித்தான். அவனுக்குச் சரியாக வரவில்லை, மோட்டார் உறுமுகிற மாதிரிதான் வந்தது. அனுஷா அண்ணாந்து அவன் வாயைப் பார்த்தாள். அப்புறம் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள், சத்தம் எங்கிருந்து வருகிறதென்று. மொட்டை முடிந்தது.

அந்தக் கூட்டத்திலேயே மற்ற தங்கச்சிகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணா, எங்க வூட்டு ஆளுக்கும் அந்தப் பாறை?" ஒரு பாறைக்கு ஒரு ஆள்தான் என்று சிந்தியா சொல்லிவிட்டாள். உடனே அன்னம்மாளைப் பிடித்துக்கொண்டார்கள். யாருடைய சின்ன மாமனாருக்குக் கோலார் பக்கம் தென்னை இருக்கிறது, யாருடைய ஒன்றுவிட்ட அக்காவை மாலூரில் நிலத்தோடு கட்டிக்கொடுத்தது, அவர்கள் எந்தக் கல்யாணத்தில் என்ன கோபம், எல்லாம் அவள் சொல்லச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் ரவிக்குமாரின் வேன் அந்தச் சொந்தங்களைத் தேடிக்கொண்டு போயிற்று. போனை எடுக்காதவர்கள் வாசலில் வேன் நிறையப் பெண்களைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்கள். தையல்காரர் வந்தார். கடையைத் திறந்ததும் ஜாக்கெட்டுகள் கிடைத்தன. ஒன்றும் யாருக்கும் பொருந்தவில்லை, எல்லோரும் பெருத்துவிட்டிருந்தார்கள். பாக்கி ஆட்களில் சிலர் வந்துவிட்டார்கள், சிலர் இன்னும் உள்ளேதான்.

ரவிக்குமார் இப்போது அடுகோடியில் அதே சந்தில், காந்தா வீட்டு மாடி அறையில், கல்யாணம் முடித்து மமதாவோடு இருக்கிறான். காலையில் வைட்ஃபீல்டு வேன் ஓட்டுகிறான்.